உருகாத சீஸ்

சூப்பர் மார்க்கெட்டில் கண்ணுக்கு நேரான தட்டில் இருக்கும் எதையும் ஆஃபரக்கா வாங்கியதாகச் சரித்திரம் கிடையாது. அந்தத் தட்டு அவசரக்காரர்களுக்கும் ஏமாளிகளுக்கும் உரியது என்பது அவள் கட்சி. மலிவு முழங்காலுக்குக் கீழே இருக்கும், கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பேன்ட்டுக்கு நீளம் குறைத்துக்கொண்டும் சட்டைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டும் உட்கார்ந்திருப்பவள், வருகிறவர்களிடமெல்லாம் எந்தக் கடையில் எது ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஓதி ஓதியே அந்தப் பெயரைத் தொலைத்துவிட்டாள். தெருவுக்கே அவள் ஆஃபரக்காதான்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனிதருக்கு எல்லாவற்றிலும் தரம் வேண்டும். எப்போதோ ஒரு பெரிய ஆபீஸில் லிஃப்டைச் சரிசெய்யப் போன இடத்தில் விலை உயர்ந்த சீஸ் ஒன்றைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். மூடி போட்ட நீல டப்பா, உள்ளே மெல்லிய தாள் இடையிட்டு அடுக்கிய வில்லைகள். அன்றிலிருந்து அந்த டப்பாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆஃபரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை வாங்கினாள். தீர்ந்ததும் டப்பாவைக் கழுவித் துடைத்தாள். அடுத்த வாரம் அதே கடையில், அதே சீஸ் அலமாரியில், முழங்காலுக்குக் கீழே கிடந்த மஞ்சள் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து, பிரித்து, வில்லைகளை நீல டப்பாவுக்குள் அடுக்கினாள். பாக்கெட்டைக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கினாள்.

அவர் டோஸ்ட்டின் மேல் வைத்துத் தின்றார். நிதானமாக மென்றார். "இதுதான் தரம்ங்கறது. காசு குடுத்தாலும் குடுத்தது தெரியுது பாரு" என்றார். ஆஃபரக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அந்த மஞ்சள் பாக்கெட் சீஸ் உருகாது. எவ்வளவு சூடான ரொட்டியின் மேல் வைத்தாலும் வியர்க்கும், பளபளக்கும், ஓரம் லேசாக வளையும், ஆனால் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். அதற்கும் கணவரே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். "மட்டமான சீஸ்தான் பொசுக்குனு உருகும். நல்லது கெட்டியா நிக்கும்." இதைக் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பாடமாக வேறு நடத்தினார். சொல்கிறவர் சொன்னால் கேட்கிறவளுக்கு என்ன நஷ்டம். வருஷக்கணக்காக நீல டப்பா மாறவில்லை, உள்ளே மஞ்சள் பாக்கெட்டும் மாறவில்லை.

ஆஃபரக்காவுக்கு உயிர் என்றால் அது தம்பி மகள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறது. துறுதுறுவென்று கைக்கு அடங்காமல் ஓடுவதால் வாண்டு. அந்த வாண்டுக்குப் பால் ஆகாது. வயிறு கொஞ்சம் கடமுடா என்கிற ஆகாமை இல்லை இது. நடக்கப் பழகிய வயசில் யாரோ கொடுத்த பால் பிஸ்கட் ஒன்றைத் தின்று உதடு தடித்து, மூச்சு விசிலடித்து, முகம் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில் மயிரிழையில் பிழைத்த குழந்தை. அதன் பிறகு தம்பி மனைவி மகள் வாயில் போகிற எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், பொடி எழுத்து படிப்பதே அவள் பிழைப்பு. கைப்பையில் அலர்ஜிக்கு அவசரமாகத் தொடையில் குத்தும் ஊசி எப்போதும் இருக்கும்.

வாண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஃபரக்கா வீட்டில் பால், தயிர், வெண்ணெய் எதுவும் மேஜைக்கு வராது. நீல டப்பாவும் ஃப்ரிட்ஜின் மேல்தட்டை விட்டு இறங்காது. அந்த ஒரு ஞாயிறு மட்டும், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டுப் பசியோடு வந்த கணவருக்காக, சமையலறை மூலையில் ஒளித்து நான்கு டோஸ்ட் செய்தாள். மூடி வைத்தாள். அவரைக் கூப்பிட முன்னறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு டோஸ்ட்தான் இருந்தது. மீதி அரையைக் கையில் வைத்துக்கொண்டு வாண்டு ஸ்டூலின் மேல் நின்றது.

"அத்தை, இதுதான் சீஸா? சூப்பரா இருக்கு" என்றது.

ஆஃபரக்காவுக்குக் கைகால் ஓடவில்லை. அவள் கை பட்டுத் தட்டு விழுந்த சத்தத்தில்தான் தம்பி மனைவி ஓடிவந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். மகளின் வாயை விரலால் வழித்து, தரையில் கிடத்தி, கைப்பையைக் கவிழ்த்து ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினாள். மேஜையிலிருந்த நீல டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தம்பி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான். கார் கிளம்பும்போது ஆஃபரக்கா செருப்புகூட இல்லாமல் பின்சீட்டில் இருந்தாள். எப்படி ஏறினாள் என்பது இன்றுவரை அவளுக்கு ஞாபகமில்லை.

அவசரப் பிரிவில் வாண்டைப் படுக்கவைத்து விரலில் கிளிப் மாட்டினார்கள். சின்ன வயசு டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், நாக்கை நீட்டச் சொன்னாள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒரு தடிப்பு இல்லை, ஒரு சொறி இல்லை. வாண்டு ஊசி குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டு அழுதது, அது ஊசிக்கான அழுகை.

"ஊசி வேலை செஞ்சிருக்கலாம். ஆனா மருந்தோட வேகம் இறங்கினப்புறம் அலர்ஜி மறுபடி வரலாம், அதனால விட முடியாது. என்ன சாப்ட்டா, எவ்வளவு?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

தம்பி மனைவி நீல டப்பாவைத் திருப்பிப் பிடித்துப் படித்தாள். "பசும்பால், பால் கொழுப்பு, பால் புரதம். எல்லாமே பால் டாக்டர். ஒன்றரை டோஸ்ட் தின்னிருக்கா."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. பக்கத்தில் இருந்த நர்ஸிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். நர்ஸ் இன்னும் இரண்டு மருந்துக் குப்பிகளை எடுத்து டிரேயில் வைத்தாள், மூச்சுக்குழாய்ச் சாமான்கள் இருக்கும் தள்ளுவண்டியைக் கட்டிலருகே உருட்டிவந்தாள். அதைப் பார்த்ததும் ஆஃபரக்கா ஓரடி முன்னால் வந்தாள். இத்தனை வருஷம் கட்டிக்காத்த மானமும் ஒரு மண்ணும் அப்போது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"டாக்டர், அந்த டப்பால போட்டிருக்கறது உள்ள இல்ல" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். பைக்கில் பின்னாடியே வந்து சேர்ந்திருந்த கணவரும் திரும்பினார்.

"உள்ள இருக்கறது வேற. மலிவானது. கீழ்த்தட்டுல மஞ்சள் பாக்கெட்டுல வரும். நான்தான் வாங்கி வாங்கி டப்பால மாத்தி வைக்கறேன்."

"எத்தனை நாளா?" என்று கேட்டது கணவர்தான். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது.

"டப்பா வாங்கினதுல இருந்து" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

தம்பி மனைவி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தால்கூடத் தேவலை. "அண்ணி, நான் டப்பாவப் படிச்சு டாக்டருக்குச் சொல்றேன். நீங்க இவ்வளவு நேரம் நின்னு கேட்டுட்டு இருந்தீங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிரிக்காத பாக்கெட் ஒன்று ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. தம்பி போய் எடுத்துவந்தான். டாக்டரம்மா அதை விளக்கடியில் பிடித்து முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், மறுபடி முன்பக்கம் பார்த்தாள். தம்பி மனைவியிடம் கொடுத்தாள். அவளும் படித்தாள்.

"பாமாயில், மாவுச்சத்து, தண்ணி, உப்பு, கலர், வாசனை" என்றாள் தம்பி மனைவி மெதுவாக. "டாக்டர், இதுல பால் எங்க?"

"இல்ல" என்றாள் டாக்டரம்மா. "ஒரு சொட்டு இல்ல."

"சீஸ்ல எப்படிப் பால் இல்லாம இருக்கும்?" என்றான் தம்பி.

"சீஸ்னு எங்க போட்டிருக்கு, காட்டுங்க."

காட்ட முடியவில்லை. முன்பக்கத்தில் டோஸ்ட் படம் இருந்தது, அதன்மேல் மஞ்சளாக ஒன்று வழிந்துகொண்டிருந்தது, 'டோஸ்ட் ஸ்லைஸ்' என்று கொட்டை எழுத்து இருந்தது. சீஸ் என்ற வார்த்தை மருந்துக்குக்கூட இல்லை. சீஸ் அலமாரியில் இருந்ததால் சீஸ் என்று ஆஃபரக்கா எடுத்தாள், அவ்வளவுதான். முன்னும் பின்னும் படிக்க அவளுக்கு விலைச் சீட்டைத் தவிர வேறு என்ன தேவைப்பட்டது.

கணவர் சுவரோரம் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப நான் இத்தனை வருஷமா தின்னது என்ன?"

"மாவு" என்றாள் நர்ஸ். பாவம், கேட்டாரே என்று சொன்னாள்.

தம்பி முதலில் சிரித்தான். அப்புறம் நர்ஸ். டாக்டரம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தம்பி மனைவி சிரிக்க ஆரம்பித்து, நடுவிலேயே உடைந்து, ஆஃபரக்காவின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். "அண்ணி, நீங்க மட்டும் அந்த நல்ல சீஸ வாங்கியிருந்தா..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து ஆஃபரக்காவின் மனசு அதை முடித்துக்கொண்டது. எல்லாரும் அவள் கஞ்சத்தனம் குழந்தையைக் காப்பாற்றியது என்று கொண்டாடினார்கள். காப்பாற்றியது தான் இல்லை என்று அவளுக்கல்லவா தெரியும். ஒளித்துச் செய்ததும் அவள், கைக்கெட்டும் இடத்தில் விட்டுப் போனதும் அவள், இரண்டையும் மீறிக் குழந்தை பிழைத்ததற்கு அவள் எந்த முகத்தோடு பெருமைப்பட முடியும்.

வீட்டுக்கு வந்த வாண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த சீஸ் எனக்குத் தினம் குடுப்பீங்களா?"

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சீஸ் சாண்ட்விச் கொண்டுவரும், அது மட்டும் காய்ந்த ரொட்டியில் ஜாம் தடவித் தின்னும். இதைப் பற்றி அது ஒருநாளும் புலம்பியதில்லை, அதனால் பெரியவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. தம்பி மனைவி லேசில் விடவில்லை. பாக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, பால் சாமான் ஓடுகிற மெஷினில் இதுவும் ஓடுகிறதா என்றுவரை குடைந்தாள். இல்லை என்று எழுதி வாங்கினாள். அலர்ஜி டாக்டரிடம் காட்டினாள். அவரும் கொடுக்கலாம் என்றார். எந்த சீஸை 'அய்யே, சீப் ஐட்டம்' என்று ஊரே முகம் சுளிக்குமோ, அது அந்த வீட்டில் ராஜ மரியாதையோடு உள்ளே வந்தது.

அதை வாங்குகிற பொறுப்பை ஆஃபரக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். "நான் பண்ணின கூத்துக்கு இதுவாவது செய்யறேன், விடு" என்றாள். வாங்குகிறவள் யார். சின்ன பாக்கெட்டை வாங்குவாளா. பெரிய ஃபேமிலி பாக்கில்தான் லாபம். வாங்கிவந்து பிரித்து, பாதியை அலுமினியத் தாளில் சுற்றி, காலையில் வேலைக்குப் போகிற வழியில் வந்து நிற்கும் தம்பி மனைவி கையில் கொடுப்பாள். மீதிப் பாதி வழக்கம்போல் நீல டப்பாவுக்குப் போகும். கணவர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி மாவையே தின்ன ஆரம்பித்தார். நாக்கு பழகிவிட்டது, என்ன செய்வது. வாண்டு பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் போல டப்பாவைத் திறந்து, எல்லாரையும் போலத் தின்றது. இவ்வளவுதான் அந்த வீட்டின் சந்தோஷம், அது போதுமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை காலை கடைசிப் பாக்கெட் தீர்ந்திருந்தது. முந்தின சாயங்காலம் கடை மூடுகிற அவசரத்தில் வாங்கிவந்த புதுப் பாக்கைப் பல்லால் கிழித்து, பாதியைச் சுற்றிக் கொடுத்தாள் ஆஃபரக்கா. தம்பி மனைவி வாசலில் நின்றபடியே இரண்டு வில்லைகளை ரொட்டிக்குள் வைத்து, மகளின் டப்பாவை மூடி, பையில் திணித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வாண்டு தெருமுனைவரை திரும்பித் திரும்பிக் கையாட்டியது.

கணவருக்கு அன்று விடுமுறை. தாமதமாக எழுந்து, தானே டோஸ்ட் போட்டுக்கொண்டு, தட்டோடு முன்னறைக்கு வந்தார். ஆஃபரக்கா ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மனசு மாறிட்டியா என்ன?" என்றார் அவர். குரலில் பழைய குழைவு. "ஒரிஜினல் வாங்கிட்டபோல."

"என்ன உளர்றீங்க?"

"நல்லாருக்குடி. உருகுது பாரு."

டோஸ்ட்டை இரண்டாகப் பிய்த்துக் காட்டினார். நடுவில் சீஸ் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

ஆஃபரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டு மடியிலிருந்து சரிந்தது. அவர் கையிலிருந்து அந்தத் துண்டைப் பிடுங்கி வாயில் போட்டாள். உப்பும் வழவழப்புமாக இருக்க வேண்டிய இடத்தில் பால் வாசம் கமகமவென்று ஏறியது. இத்தனை வருஷத்தில் அவள் தின்ற சீஸிலேயே ருசியானது அதுதான். அந்த ருசி தொண்டையில் இறங்க இறங்க அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

குப்பைக்கூடையைத் தரையில் கொட்டினாள். அதே மஞ்சள், அதே டோஸ்ட் படம், அதே கொட்டை எழுத்து. அவள் பல்லால் கிழித்த மூலையில், பாதி பிய்ந்துபோய், ஒரு சின்னப் பச்சை நட்சத்திரம். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் படித்தாள். 'மேம்படுத்தப்பட்ட தரம். இப்போது அசல் பாலுடன். அதே விலை.'

யார் இவர்களைத் தரத்தை உயர்த்தச் சொன்னது? எந்தப் புண்ணியவான் கேட்டான்? அவள் ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு கடைச் சாமான் விலை ஏறாமல் உசத்தியாகியிருக்கிறது, அது அவள் குழந்தையின் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

"மணி என்ன?" என்றாள்.

"பன்னெண்டு ஆகப் போவுது. ஏன், என்ன ஆச்சு?"

பன்னிரண்டுக்குப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி. தம்பி மனைவிக்குப் போன் அடித்தாள், மருந்துக் கடையில் வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும், அடித்து ஓய்ந்தது. பள்ளிக்கூட எண் பிஸி. மறுபடியும் பிஸி. கணவர் அதற்குள் விஷயத்தைப் புரிந்துகொண்டு பைக்கைக் கிளப்பியிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் கிழிந்த பாக்கெட்டோடு அவள் பின்னால் ஏறினாள். சிக்னலில் நிற்க வேண்டியிருந்த நேரத்தில் இறங்கி ஓடிவிடலாமா என்று இரண்டு தரம் காலை ஊன்றினாள். குழந்தையின் ஊசி பள்ளி ஆபீஸ் அறையில் இருக்கிறது, வகுப்பிலிருந்து ஆபீஸுக்கு மாடி இறங்க வேண்டும், டீச்சர் கவனிப்பாளா, குழந்தைக்குச் சொல்லத் தெரியுமா என்று மனசு கண்டபடி அடித்துக்கொண்டது. கடவுளே, அவளுக்கு ஒன்று என்றால் நான் இருந்து என்ன பிரயோஜனம் என்று வாய்விட்டே சொன்னாள். கணவர் பைக்கை இன்னும் முடுக்கினார்.

வாசலில் வாட்ச்மேன் "யாரப் பாக்கணும்?" என்று கேட்பதற்குள் அவள் அவரைத் தாண்டியிருந்தாள். படிக்கட்டில் ஒரே சோற்று வாசமும் பிள்ளைகளின் இரைச்சலும். மணி அடித்து வெகுநேரம் ஆகிவிட்டதுபோல் இருந்தது. வகுப்புக் கதவில் கை வைத்தவளுக்கு உள்ளே பார்க்கப் பயமாக இருந்தது.

பிள்ளைகள் குட்டி மேஜைகளில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. ஜன்னலோர மேஜையில் வாண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டப்பா திறந்திருந்தது. ரொட்டி முழுசாக இருந்தது. டப்பாவை மேஜையின் கடைக்கோடிவரை தள்ளி வைத்திருந்தது.

ஆஃபரக்கா மண்டிபோட்டு அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். உதட்டைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். "வாயில வச்சியாடா கண்ணு? ஒரு கடி? நக்கிப் பாத்தியா? உண்மையச் சொல்லு, அத்தை திட்ட மாட்டேன்."

"வைக்கல."

"கொஞ்சம்கூட?"

"வைக்கலன்னு சொல்றேன்ல." வாண்டுக்கு ஏற்கெனவே பசி, கோபம் வேறு. டீச்சர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். கணவர் மூச்சிரைக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஃபரக்கா அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். வாய் கோணிக்கொண்டு போனது, அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏம்மா திங்கல?" என்றாள்.

வாண்டு சுற்றுமுற்றும் பார்த்தது. அத்தையின் மானம் போகக் கூடாது என்று நினைத்ததோ என்னவோ, காதருகே வந்து மெதுவாகச் சொன்னது.

"கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான் அத்தை. இது சீஸே இல்ல, என்னமோ கலந்திருக்கான். அடுத்த தடவ மோந்து பாத்து வாங்கு."